மயிலாப்பூர் ஜிப்சிக்காரர்

தென்சென்னை வாகனப் பிரியர்களை வகைப்படுத்த முற்படும் எவரும், மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய மூன்று வட்டாரங்களிலும் சிதறலாகக் காணப்படும் ஜிப்சிக்காரர் என்ற இனத்தைத் தவிர்த்துவிட முடியாது. ஐம்பதைத் தொட்ட, வங்கியிலோ கணக்குத் தணிக்கையிலோ பொறுப்பான பதவி வகிக்கிற, இரவில் மோர்சாதத்துக்கு மேல் எதையும் துணிந்து உண்ணாத இந்த மனிதரின் அடுக்கக வாகன நிறுத்தத்தில், காட்டுக்கும் மலைக்குமென்றே செய்யப்பட்ட ஒரு நான்கு சக்கர இழுவை வண்டி, அதாவது இன்ஜினின் விசை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் ஒருசேரச் செல்லக்கூடிய வண்டி, தார்ப்பாய் போர்த்தி நிற்கும்.

1985 டிசம்பரில் சந்தைக்கு வந்து, தொடக்கத்தில் 970 சிசி இன்ஜினோடும் பின்னர் எஸ்டீம் காரில் இருந்த அதே 1.3 லிட்டர் இன்ஜினோடும் ஓடி, ராணுவத்திலும் வனத்துறையிலும் பேர் வாங்கிய மாருதி ஜிப்சியே இவ்வினத்தின் மூல வாகனம். லேண்ட் குரூசர் வாங்குமளவு செல்வமும், மாருதி 800-இல் அடங்கிவிடும் மனமும் இல்லாதவர்களுக்கு அது வாய்த்தது. 2020-இல் 9.80 லட்சம் ரூபாயில் தொடங்கிய புதிய மகிந்திரா தார், 2023-இல் 12.74 லட்சத்தில் தொடங்கிய மாருதி ஜிம்னி ஆகியவற்றை வாங்கிய இளையோரும் இப்பெயரால் குறிக்கப்படத் தக்கவர்களே. குணத்தில் வேறுபாடு காணப்படவில்லை.

இவ்வகை வண்டியின் நம்பகத்தன்மை குறித்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விலை குறைவு என்பதால் மின்னணு நுட்பங்கள் குறைவு. ஏணிபோன்ற இரும்புச் சட்டமும், ஜிப்சியாயின் நான்கு மூலையிலும் பட்டை வில்களும் கொண்ட எளிய அமைப்பு. அடி வாங்கினாலும் தாங்கும். அது தாங்காதது ஓய்வை மட்டுமே. மாதக்கணக்கில் நின்றால் எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களாகிய ஆயில் சீல்கள் காய்ந்து கசியத் தொடங்கும். பழைய ஜிப்சிகள் பலவற்றில் முன் சக்கரத்தின் நடுவே கையால் திருப்பிப் பூட்ட வேண்டிய ஹப் இறுகிக்கொள்ளும். விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பகிர்ந்தளிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பல்சக்கரப் பெட்டியில் எண்ணெய் அடியில் தங்க, மேற்பற்கள் உலர்ந்திருக்கும். ஆகவே அவ்வப்போது நான்கு சக்கர இழுவையைப் போட்டுச் சில கிலோமீட்டர் ஓட்டுவது நல்லது என்பது பொதுவான அறிவுரை.

இங்கேதான் ஜிப்சிக்காரரின் வாழ்க்கைச் சிக்கல் தொடங்குகிறது. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட பாதையைக் கடக்கின்றன. இரண்டையும் ஒரே வேகத்தில் பிணைக்கும் இவ்வமைப்பில் அந்த வேறுபாடு டயர் சற்று வழுக்குவதால் மட்டுமே சரிக்கட்டப்படும். காய்ந்த தார்ச்சாலை வழுக்கவிடாது, பற்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். எனவே மணலோ சேறோ வேண்டும். லஸ் முனையிலும் கச்சேரி ரோட்டிலும் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டப்பட்ட முதல்தரமான மண் தகரத் தடுப்புக்கு உள்ளே இருக்கிறது. பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் முட்டையிட வருவதால், ஆமையின் பக்கம் நிற்கும் மகளே வண்டியை இறக்க விடமாட்டாள். இடித்துக் கட்டப்படும் பக்கத்து அடுக்ககத்தின் வாசலில் குவிந்த எம்-சாண்டை ஜிப்சிக்காரர் பார்க்கும் பார்வையில் உள்ள ஏக்கத்தை அங்குள்ள மேஸ்திரி வேறுவிதமாகப் புரிந்துகொண்டு, இரவில் காவலுக்கு ஆள் போட்டிருக்கிறார்.

ஓட்ட முடியாத குறையைப் பராமரிப்பு தீர்க்கிறது. ஞாயிறு காலை கோணியை விரித்து வண்டிக்கடியில் மல்லாந்து, கிரீஸ் கன்னால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டுகளாகிய கிராஸ்களுக்கு, பழைய கிரீஸ் பிதுங்கி வெளிவரும்வரை புதியதை ஏற்றுவார். பிறகு டிஃபரென்ஷியல் எண்ணெயில் ஒரு துளியை விரலில் தொட்டு வெளிச்சத்தில் பார்ப்பார். நீர் கலந்திருந்தால் அது பாலூற்றிய காபியின் நிறத்துக்கு மாறிவிடும்; ஆற்றைக் கடந்த வண்டிகளுக்கு இச்சோதனை இன்றியமையாதது. இவ்வண்டி கடைசியாகக் கடந்தது தண்ணீர்த்துறை மார்க்கெட்.

உதிரிபாகங்களுக்குப் புதுப்பேட்டைதான். அங்கே, ஆண்டில் மூன்றாம் முறையாக அதே சீலைக் கேட்டு வந்தவரைக் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பதுண்டு.

“சார், வண்டி ஓடுதா?”

“ஓடாம என்ன, தினம் காலையில ஸ்டார்ட் பண்றேனே.”

“ஸ்டார்ட் பண்றதக் கேக்கல சார். ஓடுதா?”

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு, பாறைகளே சாலையாகிய தடத்தில், விடியலைக் காணச் செல்லும் பயணிகளை நாள்தோறும் ஏற்றும் பழைய மகிந்திரா ஜீப்காரர்களைக் கண்டு ஜிப்சிக்காரர் உள்ளூர வருந்துவது இதனால்தான். பிரேக்கையும் எண்ணெய் அளவையும் பார்த்துவிட்டு அவர்கள் கிளம்பிவிடுகிறார்கள்; எந்த நிறுவனத்தின் எண்ணெய் என்ற கேள்விக்கு “இருந்தது சார்” என்று பதில் வருகிறது.

வடகிழக்குப் பருவமழை இவ்வினத்தின் திருவிழாக்காலம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகிக் கோட்டூர்புரத்து வீடுகளுக்குள் புகுந்தபோது மீனவர்களின் படகுகள் மக்களைக் கரைசேர்த்த வரலாற்றை, அதில் ஒரு ஜிப்சியும் இருந்ததுபோல இவர் நினைவில் வைத்திருக்கிறார். அதற்கடுத்த ஆண்டே ஸ்னார்கல் பொருத்தப்பட்டது. காற்று உறிஞ்சும் வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுசெல்லும் குழாய் அது. அவ்வாய்வழி நீர் புகுந்தால், நீரை அழுத்திச் சுருக்க முடியாத பிஸ்டன் தன் தண்டையே வளைத்துக்கொள்ளும். குழாய் தயார், தண்ணீரும் வந்தது. துரைசாமி சுரங்கப்பாதையில் நீர் தேங்கிய நாளில் போலீசார் தடுப்பையும் போட்டுவிட்டனர்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசைகட்டின. ஸ்னார்கல் வைத்த வண்டியொன்றும் அவற்றினிடையே நின்றது.

“இது தண்ணியிலயே போகுமே சார்?” என்றார் பக்கத்து ஆல்ட்டோக்காரர்.

“போகும். அடியில மேன்ஹோல் திறந்திருந்தா?” என்ற நியாயமான பதிலோடு, சாலை நனைந்திருந்ததால் நான்கு சக்கர இழுவையைப் போட்டே மேலே ஏற்றியதையும், அதனால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு விளைந்த நன்மையையும் ஜிப்சிக்காரர் விரிவாக எடுத்துரைத்தார். “அப்படியா சார்” என்று கேட்டுக்கொண்ட ஆல்ட்டோக்காரர், அதே மேம்பாலத்தில் முன்னிரு சக்கர இழுவையில் ஏறி, முந்தின இரவே விளக்குக் கம்பத்தடியில் நல்ல இடம் பிடித்திருந்தார்.