திருகுவதும் அழுத்துவதும்: கார்ச் சாவி குறித்து ஓர் ஆராய்ச்சி

கார்ச் சாவி என்பது கதவைத் திறக்கவும் இன்ஜினைக் கிளப்பவும் பயன்படும் கருவி என்று பொதுவாக நம்பப்படுகிறது. நம்பிக்கை தவறில்லை, ஆனால் போதாது. காது குடைவது, பார்சல் டேப்பைக் கிழிப்பது, பேச்சு நின்றுபோன இடத்தில் மேசையைத் தட்டுவது, வண்டி வைத்திருப்பதை வாய் திறக்காமல் அறிவிப்பது ஆகிய பணிகளும் அதற்கு உண்டு. கதவு திறப்பது எப்போதாவதுதான். மற்றவை நாள் முழுவதும் நடக்கின்றன.

இக்கருவியில் இன்று இரண்டு இனங்கள் காணப்படுகின்றன. ஒன்று, பல்லுள்ள உலோகச் சாவி. மற்றொன்று, பல்லில்லாமல் பொத்தான்கள் மட்டும் உள்ள பிளாஸ்டிக் வில்லை. ஷோரூம்காரர் இதை ஸ்மார்ட் கீ என்பார், மெக்கானிக் ரிமோட் என்பார், வீட்டுப் பெரியவர் "அது எங்கடா, அந்தக் கறுப்பு டப்பி?" என்பார். முதல் இனத்தை ஆள்வோர் திருகுவோர், இரண்டாவதை ஆள்வோர் அழுத்துவோர். பல்லும் பொத்தானும் சேர்ந்து மடக்குக்கத்தி போல விரியும் கலப்பினம் ஒன்றும் உண்டு. அதை இரு தரப்பாருமே தமது என்று சொல்லிக்கொள்வதால் இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

வரலாற்றின் தொடக்கத்தில் காரைக் கிளப்பச் சாவி போதாது. முன்புறம் ஒரு இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். இன்ஜின் திமிறினால் கைப்பிடி எதிர்த்திசையில் உதறி மணிக்கட்டை முறிக்கும். சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-இல் காடிலாக் கார்களில் வந்த பிறகுதான் கைகள் தப்பின. அப்போதும் சாவி மின்சாரத்தை விடுவதோடு சரி. ஸ்டார்ட்டரைச் சுழற்றப் பல வண்டிகளில் தனியாக ஒரு பொத்தான் இருந்தது. காலால் மிதிப்பதும் உண்டு, கையால் அழுத்துவதும் உண்டு. இரண்டு வேலையையும் ஒரே திருகலில் அடக்கியது 1949-இல் கிரைஸ்லர். ஆகவே பொத்தானை அழுத்தி வண்டி கிளப்புவதைப் புதுமை என்று அழுத்துவோர் பெருமைப்படுவதற்கு ஆதாரம் போதவில்லை. அவர்களுடைய கொள்ளுத் தாத்தாவும் அழுத்தியவரே. நடுவில் அரை நூற்றாண்டு உலகம் திருகிப் பார்த்தது, அவ்வளவுதான்.

தூரத்திலிருந்து கதவைத் திறக்கும் வசதி 1982-இல் ரெனோ ஃபுயேகோ காரில், அகச்சிவப்புக் கதிரின் துணையோடு வந்தது. சட்டைப் பையிலேயே இருந்துகொண்டு கதவைத் திறக்கும் சாவியை 1993-இல் கார்வெட்டும், இன்ஜினையும் சேர்த்துக் கிளப்பும் ஏற்பாட்டை 1998-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸும் கொண்டுவந்தன. இந்தியாவில் 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை அதன் உரிமையாளரிடம் கொடுத்தவர் பிரதமர் இந்திரா காந்தி. அந்த நிகழ்ச்சியின் புகைப்படத்தில் சாவிக்குப் பதில் ஒரு கறுப்பு டப்பி இருந்திருந்தால், பிரதமர் எதை நீட்டுகிறார் என்று பார்ப்பவர்கள் கேட்டிருப்பார்கள்.

வேலை செய்யும் விதத்தில் இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. உலோகச் சாவி பூட்டுக்குள் இருக்கும் மெல்லிய தகடுகளை நகர்த்துகிறது. சாவியின் வெட்டுகள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்தில் நிறுத்தினால் உருளை சுழலும். ஒன்று பிசகினாலும் சுழலாது. பல வருடம் தேய்ந்த பூட்டு இந்தக் கொள்கையில் அவ்வளவு பிடிவாதமாக இருப்பதில்லை என்பது திருகுவோர் வெளியே பேச விரும்பாத சங்கதி.

ஸ்மார்ட் கீயோ பதில் சொல்லும் கருவி. கதவுப் பிடியைத் தொட்டதும் கார் 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த அலையில் "யாரது?" என்று கேட்கிறது. இந்தக் கேள்வி ஒன்று, ஒன்றரை மீட்டருக்கு மேல் எட்டாது. எட்டக்கூடாது என்பதற்காகவே அந்த அலை தேர்ந்தெடுக்கப்பட்டது. கேள்வி காதில் விழுந்தால் ஸ்மார்ட் கீ ஒரு ரகசியக் கணக்கைப் போட்டு விடையை அனுப்புகிறது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் அது 433 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலை. அமெரிக்காவில் பெரும்பாலும் 315. பொத்தானை அழுத்தித் திறக்கும்போது நடப்பது வேறு. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் குறியீடு மாறுகிறது, காரும் அடுத்து வரவேண்டியது எது என்று கணக்கு வைத்திருக்கிறது. பேரக்குழந்தை ஸ்மார்ட் கீயை மதியம் முழுக்க விளையாட்டுப் பொருளாக்கி அழுத்தித் தள்ளினால், கீ ஒரு கணக்கிலும் கார் ஒரு கணக்கிலும் நிற்கும். ஓர் எல்லை வரை கார் சமாளித்துக்கொள்ளும். அதற்குமேல் இருவரையும் உட்கார வைத்துச் சமாதானம் பேச வேண்டும்.

இரண்டு இனங்களுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு பல்லிலோ பொத்தானிலோ இல்லை. உலோகச் சாவிக்கு ஓர் இடம் உண்டு. வண்டி ஓடுகிறது என்றால் சாவி இக்னிஷனில் இருக்கிறது. யாரும் தேட வேண்டியதில்லை. ஸ்மார்ட் கீக்கு இடம் கிடையாது, அருகாமை மட்டுமே உண்டு. எங்காவது பக்கத்தில் இருந்தால் போதும் என்று கார் சொல்லிவிட்டதால், அது எங்காவதுதான் இருக்கிறது.

இதன் விளைவை எழும்பூர் ரயில் நிலைய வாசலில் காணலாம். கணவர் வண்டி ஓட்டி வருகிறார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இன்ஜினை நிறுத்தாமல் இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். மனைவி ஓட்டுநர் இருக்கைக்கு மாறுகிறார். ஸ்மார்ட் கீ கணவரின் சட்டைப் பையில். டாஷ்போர்டில் ஓர் எச்சரிக்கை, கூடவே நாலைந்து பீப் ஒலி. பின்னால் நிற்கும் ஆட்டோக்காரரின் ஹாரன் அதைவிடப் பலமாக இருப்பதால் எச்சரிக்கை எடுபடுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினைச் சாவி இல்லை என்ற காரணத்துக்காகக் கார் நிறுத்தாது; நடுரோட்டில் நிறுத்துவது அதைவிட ஆபத்து. மனைவி நிம்மதியாகப் போகிறார். வழியில் ஒரு பெட்ரோல் பங்க். "மேடம், வண்டிய ஆஃப் பண்ணுங்க" என்கிறார் பங்க் ஊழியர். அணைந்த வண்டி அதற்குப் பிறகு கிளம்பாது. "அந்த ரிமோட் எங்கங்க?" என்று போனில் கேட்கும்போது கணவர் செங்கல்பட்டை நெருங்கிக்கொண்டிருப்பார். பல்லுள்ள சாவியின் காலத்தில் தம்பதியரிடையே இப்படி ஒரு உரையாடல் நிகழவே வழியில்லை.

அடுத்தது ஆடை. ஸ்மார்ட் கீயை உடலோடு வைத்திருங்கள் என்று கையேடு சொல்கிறது. கையேடு எழுதியவர் பேன்ட் அணிந்தவர் என்பது இதிலிருந்து தெரிகிறது. வேட்டிக்குப் பை கிடையாது. சட்டைப் பையில் வைத்தால் செருப்பு மாட்டக் குனிகையில் சாக்கடையில் விழும். மடிப்பில் செருகினால் மடிப்பின் நேர்மையைப் பொறுத்தது. எஞ்சுவது பட்டாப்பட்டியின் ஆழமான பை. இடவசதியில் அதற்கு ஈடில்லை. ஆனால் உட்கார்ந்து பந்தியில் சாப்பிடும்போது தொடை பொத்தானை அழுத்தும். மண்டபத்து வாசலில் நிற்கும் காரின் டிக்கி தானாகத் திறக்கும். வாட்ச்மேன் மூடுவார். ரசத்துக்கு இலையை நோக்கிக் குனிந்ததும் மறுபடியும் திறக்கும்.

பூட்டியதைச் சரிபார்க்கும் பிரச்சினை இதைவிட ஆழமானது. பூட்டை இழுத்துப் பார்ப்பது தமிழ்நாட்டில் பூட்டுதலின் பிரிக்க முடியாத அங்கம். திண்டுக்கல் பூட்டில் சிலர் தொங்கியே பார்ப்பார்கள். உலோகச் சாவியால் பூட்டிய கார்க் கதவையும் இழுத்துப் பார்க்கலாம், பூட்டியிருந்தால் திறக்காது. தொட்டாலே திறக்கும் பிடி உள்ள வண்டிகளில் இதைச் செய்ய முடியாது. சரிபார்க்கப் பிடியைத் தொட்டால், பையிலிருக்கும் ஸ்மார்ட் கீயைக் கண்டுகொண்டு கார் கதவைத் திறந்துவிடும். பூட்டியிருந்ததா என்ற கேள்விக்கு, இப்போது இல்லை என்பதே விடை. இதை முன்னுணர்ந்த தயாரிப்பாளர்கள் சிலர், பூட்டியபின் இரண்டு மூன்று விநாடிக்குப் பிடி வேலை செய்யாதபடி வைத்திருக்கிறார்கள். அதற்குள் இழுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் சந்தேகம் அந்த இரண்டு விநாடிக்குள் வருவதில்லை. லிஃப்டில் ஏறி மூன்றாம் மாடி தாண்டியதும் வருகிறது. அப்போது சாவியை மனைவியிடம் கொடுத்துத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் போய் இழுத்துப் பார்ப்பது ஒன்றே வழி.

சாவியின் பக்கத் தொழில்களில் காது குடைவதை மருத்துவர்கள் ஒருபோதும் ஏற்றதில்லை. அழுக்கை அது உள்ளேதான் தள்ளும். அழுத்துவோரால் முடியாது என்பதால் அவர்களுடைய செவிகள் நலமாக இருக்கின்றன. இது ஸ்மார்ட் கீயின் விளம்பரங்களில் விடுபட்டுப்போன சிறப்பு. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கமும் இதோடு முடிவுக்கு வரலாம். பலமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஒருவருக்கு வலிப்பு வந்து சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் பிளாஸ்டிக் டப்பிகளை நீட்டினால், இரும்பு இல்லையே என்று கைவிட்டு, ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். மருத்துவம் சொல்வதும் அதையேதான். பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாக அடங்கும். சாவிக்குக் கிடைத்து வந்த பெயர் அந்த நிமிடங்களுக்கு உரியது.

சாவிக்கொத்தின் எடையை வேடிக்கையாக மட்டும் பார்க்க முடியாது. 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் சிறிய கார்களைத் திரும்ப அழைத்தது. இக்னிஷன் சுவிட்சின் பிடிப்பு தளர்வாக இருந்ததால், கனமான கொத்தோ ஒரு குலுக்கலோ ஓடும் வண்டியிலேயே சாவியைத் திருப்பிவிடும். இன்ஜின் நிற்கும், ஏர்பேக் விரியாது. 124 மரணங்களுக்கு இழப்பீடு ஏற்கப்பட்டது. பழுது பார்க்கும் வரை சாவியோடு வேறு எதையும் மாட்டாதீர்கள் என்பது அப்போது தரப்பட்ட அறிவுரை. மறுபக்கமும் சுத்தமில்லை. சாவியை உருவும் பழக்கம் போனதால் இன்ஜினை அணைக்காமலே இறங்கிவிட, அமெரிக்காவில் வீட்டோடு ஒட்டிய மூடிய கராஜ்களிலிருந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே பரவி உயிர்கள் போயிருக்கின்றன.

திருட்டில் இரு இனமும் அவரவர் பாணியில் ஏமாறுகின்றன. பழைய வண்டியின் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் இரும்பு ஸ்கேலை இறக்கினால் கதவு திறக்கும்; சாவியை உள்ளே வைத்துப் பூட்டியவர்களுக்கு உதவிய அதே ஸ்கேல் மற்றவர்களுக்கும் உதவியது. ஸ்மார்ட் கீயை ஏமாற்ற இருவர் வேண்டும். ஒருவர் வீட்டு வாசலில் ஒரு கருவியோடு, மற்றவர் காரருகே இன்னொன்றோடு. "யாரது?" என்ற கேள்வியை ஒருவர் வாங்கி மற்றவருக்கு அனுப்ப, வரவேற்பறை மேசையில் கிடக்கும் கீ தன் அருகில்தான் கார் நிற்கிறது என்று நம்பிப் பதில் சொல்லிவிடும். ரகசியக் கணக்கை யாரும் உடைக்கவில்லை. தூரத்தை மட்டும் பொய்யாக்கினார்கள். சூரிச்சின் இ.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் 8 நிறுவனங்களின் 10 மாடல்களிலும் இது பலித்தது. விடை வந்துசேரும் நேரத்தை அளந்து தூரத்தைக் கணிக்கும் புதிய கீகளும் கைபேசிச் சாவிகளும் இதற்கு மாற்றாக வந்துகொண்டிருக்கின்றன. அதுவரை எவர்சில்வர் சம்படம் போதும். மூடி இறுக்கமாக இருந்தால் உலோகம் அலைகளைப் பெருமளவு தடுக்கும். சம்படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு காரருகே போய்ப் பிடியைத் தொட வேண்டும். கதவு திறந்துகொண்டால் அந்தச் சம்படம் முறுக்குக்குத்தான் லாயக்கு.

தொலைந்த உலோகச் சாவிக்குச் சாலையோரக் குடை நிழலில் தீர்வு உண்டு. சாவி போடுபவர் வெட்டு இல்லாத சாவியைப் பூட்டில் நுழைத்து அழுத்தித் திருகுவார், உருவி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். தகடுகள் உரசிய இடத்தில் ஊசிமுனை அளவுக்குத் தழும்பு தெரியும். அங்கே மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு, மறுபடி நுழைப்பார். இப்படியே போய் ஒரு கட்டத்தில் பூட்டு இளகும். 1990-களின் பிற்பகுதியில் சாவிக்குள் சிப் வைக்கும் வழக்கம் பரவியது. 1998 அக்டோபரிலிருந்து ஐரோப்பாவில் புதிய கார்களுக்கு அத்தகைய திருட்டுத் தடுப்பு கட்டாயம். அதன்பின் அரத்தால் போட்ட சாவி கதவைத் திறக்கும், இன்ஜினை ஓட விடாது. ஸ்மார்ட் கீ தொலைந்தால் ஷோரூம்தான், பில் ஆயிரக்கணக்கில். கார் திருடுபோனாலும் இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு சாவிகளையும் கேட்கும். ஆகவே பீரோவில் மஞ்சப்பைக்குள் கிடக்கும் இரண்டாவது கீயைத் தூக்கி எறியக் கூடாது.

கடைசியாக பேட்டரி. ஸ்மார்ட் கீகள் பலவற்றில் இருப்பது சி.ஆர். 2032: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதையே அந்த எண் சொல்கிறது. அது தீர்ந்தால் கார் போய்விட்டதாகப் பதற வேண்டாம். ஸ்மார்ட் கீயின் பக்கவாட்டில் ஒரு சிறு தாழ் உண்டு. அதைத் தள்ளி இழுத்தால் உள்ளேயிருந்து பல்லுள்ள ஓர் உலோகச் சாவி வெளிவரும். பல வருடம் அதைச் சுமந்துகொண்டே திருகுவோரைக் கேலி செய்த பலருக்கு இது அதிர்ச்சி. உள்ளே உட்கார்ந்ததும் கீயை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டி வைத்து அழுத்தினால், அதிலிருக்கும் சிப் காரிடமிருந்தே மின்சாரம் வாங்கிப் பதில் சொல்லும், இன்ஜின் கிளம்பும். அதற்கு முன் கதவின் சாவித் துவாரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பல வண்டிகளில் அது ஓட்டுநர் பக்கப் பிடியில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் இருக்கிறது. மூடியின் கீழ்ப்பக்கம் ஒரு சின்னப் பிளவு தெரியும். அதில் சாவி நுனியை விட்டு நெம்பினால் மூடி கழன்றுவரும். நகத்தால் முயல வேண்டாம், நகம்தான் கழலும்.