கடைசிக்கு முந்தினவர்

ஹாலிஎல பஸாரில் உள்ள தேத்தண்ணிக் கடையின் மூலை பெஞ்சு ஒருவருக்கே உரியது. தோட்டத்து ஆபிஸில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் பாதி ஊருக்குத் தெரியாது. ‘கடைசிக் கிளாக்கர்’ என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் வழிகாட்டும். உலகத்தில் எது எப்போது கடைசியாக நடந்தது என்பது அவருக்கு அத்துபடி.

யாராவது கிரிக்கெட் என்று வாயைத் திறந்தால் போதும். “முரளியோட கடைசி டெஸ்ட்! காலி, 2010 ஜூலை 22. கடைசிப் பந்து. ஓஜா அடிச்சான், மஹேல புடிச்சான், 800! தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவரோட பேரன்டா!” என்று மேசையில் ஒரு தட்டு தட்டுவார். பக்கத்து ஆளின் பிளேன்டீ பாதி மேசைக்குப் போய்விடும்.

சினிமாப் பேச்சு இன்னும் ஆபத்து. சிவாஜிக்குக் கடைசிப் படம் ‘படையப்பா’ என்று எவனாவது சொல்லிவிட்டால், வாயிலிருக்கும் வடையை விழுங்கக்கூட நேரமில்லை அவருக்கு. “அதே 1999தான், ஆனா ‘பூப்பறிக்க வருகிறோம்’! எம்.ஜி.ஆருக்கு ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’, 1978!” பொடியன்கள் போனில் தேடிப் பார்ப்பார்கள். சிக்னல் வந்து சேர்வதற்குள் அவர் அடுத்த வடைக்குப் போயிருப்பார். போனும் அவர் பக்கமே பேசும்.

சாவு வீடும் தப்பாது. கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் பிடிபட்டது, வேலூருக்கு அனுப்பப்பட்டது, 1832இல் அங்கேயே கண்ணை மூடியது என்று வாசலில் உட்கார்ந்து விஸ்தரிப்பார். உள்ளே ஒப்பாரி வைப்பவர்கள் சத்தத்தைக் குறைத்துக் காது கொடுப்பதும் உண்டு.

இந்த வியாதியைக் கொண்டு வந்தது ரயில்தான். கொழும்பிலிருந்து 292 கிலோமீற்றர் மலையேறி வரும் பாதை 1924இல் பதுளையோடு முடிந்தது. கடைசி ஸ்டேஷன் என்ற பெருமை பதுளைக்குப் போக, ஹாலிஎலவுக்குக் கிடைத்தது அதற்கு முந்தின இடம். “கோட்டையில ஏறுறவன் டிக்கெட்டுல பதுளைனு இருக்கு. நம்ம ஊரு வந்தா என்னா செய்றான்? எழும்பி, மேல இருக்கிற பேக்க எறக்குறான். அவ்வளவுதான் நமக்கு மரியாத!” என்பார்.

அந்த ரோஷத்தில் கொஞ்ச காலமாக ஆராய்ச்சியின் திசையே மாறிவிட்டது. கடைசிகளை விட்டுவிட்டுக் கடைசிக்கு முந்தினவற்றுக்காக வழக்காடுகிறார்.

“பிராட்மன் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸ்ல முட்டை. 1948, ஓவல். நாலு ரன் எடுத்திருந்தா சராசரி 100, எடுக்கல, 99.94. இத எந்த மடையனும் சொல்லுவான். அதுக்கு முந்தின இன்னிங்ஸ் என்னா தெரியுமா? லீட்ஸ்ல 173, நாட்டவுட்! அதுதான் ஹாலிஎல இன்னிங்ஸ். ஓவல்ல ஆடுனது பதுளை இன்னிங்ஸ்!”

டைட்டானிக்கில் தப்பியவர்களில் கடைசியாக 2009இல் இறந்த மில்வினா டீனை இப்போது அவர் சீந்துவதில்லை. 2007இல் போன பார்பரா டெய்ன்டனுக்காகத்தான் உருகுகிறார். 800ஆவது விக்கெட் ஓஜாவை விட 799ஆவது ஹர்பஜன் மேல் பாசம் அதிகம். கண்டி ராஜாவையும் மாற்றியாயிற்று. இனிமேல் சாவு வீடுகளில் ராஜாதி ராஜசிங்கன்தான்.

போன கிழமை கடை முதலாளி கொப்பியைத் தூக்கிக்கொண்டு மூலை பெஞ்சுக்கு வந்தார்.

“கிளாக்கரய்யா, ஒலகத்துல உள்ள கடைசியெல்லாம் சொல்றீங்க. நம்ம கடைக்குக் கடைசியா எப்பங்க காசு குடுத்தீங்க?”

பெரியவர் அசரவில்லை.

“கடைசியாக் குடுத்தத விடுங்க மொதலாளி, அதுல ஒரு விசேஷமும் இல்ல. அதுக்கு முந்தின தடவ பாருங்க, மிச்சத்தக்கூட வாங்காமப் போனேன்!”