நெகட்டிவ் ஏரியா

"எங்கே குடியிருக்கீங்க?"

"வியாசர்பாடி."

"அப்படியா! பார்த்தா தெரியலையே!"

இது பாராட்டாம். சொல்கிறவர் முகத்தில் பெருந்தன்மை வழிகிறது. வடசென்னைக்காரன் என்றால் என்ன தெரிந்திருக்க வேண்டும் ஐயா? கன்னத்தில் தழும்பா? நெற்றியில் எஃப்.ஐ.ஆர். நம்பரா?

கடன் கொடுக்கும் கம்பெனிகள் இதற்கு நாகரிகமாக ஒரு பேர் வைத்திருக்கின்றன: 'நெகட்டிவ் ஏரியா'. சம்பளச் சீட்டு சரி. ஆதார் சரி. பின்கோடு மட்டும் தப்பு. ஆனால் அதே தெருவில் வாரத் தவணை வசூலிக்க மைக்ரோ ஃபைனான்ஸ்காரர் காலை ஏழு மணிக்கே வந்து நிற்பார். வட்டி ஏற ஏற ஏரியா பாசிட்டிவ் ஆகிவிடும் போல.

ஊரில் எங்கே செயின் அறுந்தாலும் முதல் ஜீப் புளியந்தோப்புக்குத்தான். சினிமாக்காரர்களுக்கு இன்னும் சுலபம். நாலு ரவுடி, ஒரு கானா, ஒரு கேரம் போர்டு, இடைவேளைக்கு முன் ஒரு வெட்டு. வடசென்னை தயார். இதில் கானாவும் கேரம் போர்டும் மட்டும் நிஜம். புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கினார். யாரையும் வெட்டாமலே.

பேச்சிலும் குற்றம். 'கஸ்மாலம்' என்றால் காதைப் பொத்துகிறார்கள். அது சம்ஸ்கிருதம், சாமி! கீதையில் அர்ஜுனனைக் கண்ணன் கடிந்துகொள்ளும் இடத்தில் வருகிறது. கண்ணன் சொன்னால் உபதேசம். காசிமேட்டுக்காரன் சொன்னால் லோக்கல்.

இந்த 'லோக்கல்' ஏரியாவின் சரித்திரமும் கேளுங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் பெரம்பூரில் சங்கம் கட்டினார்கள். எட்டு மணி நேரம் முடிந்ததும் பையைத் தூக்குகிறவர்கள் அவர்களையும் கொஞ்சம் நினைக்கலாம். வந்தே பாரத்தும் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் பிறந்ததுதான். அதில் ஏறி செல்ஃபி எடுத்துக்கொண்டே, "அந்தப் பக்கமெல்லாம் ரொம்ப ரஃப்" என்பார்கள்.

ரஃப்தான். உங்கள் ஏசிக்கு மின்சாரம் காய்ச்சிய சாம்பல் எங்கள் ஆற்றில். உங்கள் காருக்குப் பெட்ரோல் வடித்த புகை மணலிக்காரன் நெஞ்சில். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகம் முழுக்க எண்ணெய் மிதந்தது. அதை மீனவர்கள் வாளியில் அள்ளினார்கள். வெறுங்கையாலும் அள்ளினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் அம்மோனியா கசிந்தது. தூங்கிய பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் தெருவில் ஓடினார்கள். இதற்கெல்லாம் காரணமான தொழிற்சாலைகளை எந்தக் கடன் கம்பெனியும் 'நெகட்டிவ்' என்று எழுதியதாகத் தெரியவில்லை. கோடிகளில் கடன் கிடைக்கிறது. எங்களுக்கு டூவீலர் லோன் கிடைப்பதில்லை.

"அந்த ஏரியாவா?" என்று மூக்கைச் சுளிக்கும் அண்ணா நகர் அன்பரே, உங்கள் வீட்டுக் குப்பை கொடுங்கையூருக்குத்தான் வருகிறது. அதனிடம் யாரும் இதுவரை முகவரிச் சான்று கேட்டதில்லை.