ஓசி வைஃபை

கேள்வி: என் வைஃபைக்குப் பாஸ்வேர்டு கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் ஓசியில் படம் பார்க்கிறார். போகட்டும் என்று விட்டுவிடலாமா? (ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: படம் மட்டும்தான் பார்க்கிறார் என்று யார் பார்த்தது?

2008 ஜூலை 26. அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் வீட்டின் பூட்டாத வைஃபை வழியே போனது. அனுப்பியது வேறு ஆள். போலீஸ் வந்து நின்றது அவர் வாசலில்.

1954-ல் புதுச்சேரியை விட்டுப்போன பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் நாட்டில் இன்னும் கறார். இணைப்பைப் பாதுகாக்காமல் விட்டு, அதில் திருட்டுப் படம் இறங்கிக்கொண்டே இருந்தால், எச்சரிக்கைகளுக்குப் பிறகு சந்தாதாரருக்கு 1,500 யூரோ வரை அபராதம்!

ரூட்டரில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பூட்டைப் போடுங்கள். ரூட்டரோடு வந்த 'அட்மின்' பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். புதியது 'பாண்டிச்சேரி123' வேண்டாம். அதைப் பக்கத்து வீட்டுக்காரரே ஊகித்துவிடுவார்.