கடல் பார்த்த அறை

மத்தியதரைக் கடலோரத்தில் மொனாக்கோ என்று ஒரு நாடு. நாடு என்றால் மொத்தம் இரண்டு சதுர கிலோமீட்டர் சொச்சம். நம் ஊரில் இதைவிடப் பெரிய கண்மாய்களைப் பட்டா போட்டு விற்றிருக்கிறார்கள். அங்கே மாண்டி கார்லோ சூதாட்ட மாளிகையும், பக்கத்திலேயே 1864-இல் திறந்த ஹோட்டல் டி பாரியும் உலகக் கோடீசுவரர்களின் புண்ணிய ஸ்தலங்கள். மாளிகைக்கு ஒரு விதி உண்டு. மொனாக்கோ குடிமகன் உள்ளே போய்ச் சூதாடக் கூடாது. வெளியூரான் தோற்கட்டும், உள்ளூரான் குடும்பம் நடத்தட்டும் என்று ராஜா வீட்டில் போட்ட கணக்கு. உள்ளே விடாததற்கு ஈடு போல, 1869 முதல் அந்தக் குடிமகனுக்கு வருமான வரியும் கிடையாது.

தமிழ்நாட்டுக்கும் அப்படி ஓர் இடம் வாய்த்தது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டி, கல்பாக்கமும் தாண்டினால் கூவத்தூர். 2017 பிப்ரவரி 8 முதல் 18 வரை ஆளுங்கட்சியான அ.தி.மு.க.வின் நூற்றுச் சொச்சம் சட்டமன்ற உறுப்பினர்கள் அங்கே ஒரு சொகுசு விடுதியில் இருந்தார்கள். பணயமாக வைத்து ஆடியது நம் ஓட்டு. உள்ளே விடாமல் நிறுத்தியதும் நம்மைத்தான். வரியில் மட்டும் மொனாக்கோ மாதிரி சலுகை வரவில்லை. எங்கள் மதுரையில் தேவர் சிலைப் பக்கம் நின்று குடித்த டீயில்கூட, சீனிக்கும் தூளுக்கும் போட்ட வரியைச் சேர்த்துத்தான் குடித்தோம்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்; நம் ஞாபகத்துக்கு ஆயுசு குறைவு. 2016 டிசம்பர் 5-இல் ஜெயலலிதா இறந்தார். ஓ. பன்னீர்செல்வம் முதல்வரானார். பிப்ரவரி 5-இல் சசிகலாவுக்கு வழிவிட்டு ராஜினாமா, 7-ஆம் தேதி ராத்திரி மெரினா சமாதியில் தியானம். மறுநாளே, அவர் பக்கம் போகாத உறுப்பினர்களைப் பேருந்தில் ஏற்றினார்கள். 14-இல் சொத்துக்குவிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும், முதல்வராகப் போகிறவர் சசிகலா இல்லை, எடப்பாடி பழனிசாமி என்று விடுதிக்குள்ளேயே முடிவாயிற்று. 16-இல் பதவியேற்பு. அதற்குப் பிறகாவது வீட்டுக்கு விட்டார்களா? ஆட்சி அமைத்தவர்கள் தங்கள் ஆட்சியின் மேல் வைத்த நம்பிக்கை எவ்வளவு என்றால், உறுப்பினர்களைத் திரும்பவும் விடுதிக்கே கூட்டிக்கொண்டு போய் 18-ஆம் தேதி காலையில் நேராகச் சட்டமன்றத்தில் இறக்கினார்கள். ஆதரவு 122, எதிர்ப்பு 11.

இதில் மதுரைக்குத் தனிப் பெருமை உண்டு. மதுரை தெற்குத் தொகுதி உறுப்பினர் எஸ். எஸ். சரவணன் 13-ஆம் தேதி பன்னீர்செல்வம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மாறுவேடத்தில் தப்பி வந்ததாகச் சொன்னார். ஆனால் உள்ளே இருந்த மற்றவர்களோ, யாரும் எங்களை அடைத்துவைக்கவில்லை, விருப்பப்பட்டுத்தான் இருக்கிறோம் என்றார்கள். இரண்டும் உண்மையாக இருந்தால், ஒருவர் மாறுவேடம் போட்டுத் தப்பிக்க வேண்டிய இடத்தில் மற்றவர்கள் விருப்பப்பட்டுத் தங்கியிருக்கிறார்கள். புராணத்தில்கூட மாறுவேடத்தில் வந்த சொக்கநாதர் விறகு விற்றார், மண் சுமந்தார், பிட்டு வாங்கித் தின்றார். மாறுவேடம் போட்டு ஒரு விடுதியிலிருந்து இன்னொரு கோஷ்டிக்குப் போகிற திருவிளையாடல் அவருக்குத் தோன்றவில்லை.

இந்த விடுதிக் கலையை நாம் கண்டுபிடித்தோம் என்று யாரும் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். 1982-இல் ஹரியானாவின் தேவிலால் தன் ஆட்களை இமாசலப் பிரதேசத்துப் பர்வானூ ஹோட்டலில் வைத்துப் பூட்டியே பார்த்துவிட்டார். அங்கிருந்து ஒருவர் தண்ணீர்க் குழாயைப் பிடித்து இறங்கி ஓடியதாகக் கதை. 1995-இல் என். டி. ஆரை அவர் மருமகன் கவிழ்த்தபோது ஐதராபாத் வைஸ்ராய் ஹோட்டல். அதே வருடம் குஜராத் பா.ஜ.க. அதிருப்தியாளர்களுக்குக் கஜுராஹோ. 2017-இல் குஜராத் காங்கிரசுக்குப் பெங்களூரு. 2022-இல் அசாம் வெள்ளத்தில் லட்சக்கணக்கான பேர் வீடிழந்து கிடந்தபோது, சிவசேனா உறுப்பினர்கள் குவாஹாட்டி நட்சத்திர ஹோட்டலில் மகாராஷ்டிரத்தின் எதிர்காலத்தைப் பற்றி யோசித்தார்கள். எந்தக் கட்சியும் இதில் பத்தினி கிடையாது.

எனக்கு ஆத்திரம் வருவது தங்கியதற்காக அல்ல. தங்கிய நேரத்துக்காக. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரி 10-இல் அன்றைக்கிருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்தது. அதே மாதம் ஜல்லிக்கட்டுக்காகத் தமுக்கத்தில் பிள்ளைகள் ராப்பகலாக உட்கார்ந்திருந்தார்கள். செல்லூர் பாலத்தில் ரயில் நின்றது. அந்தச் சத்தம் அடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. மணல் தெரியும் வைகையைத் தாண்டி ஏ.வி. பாலம் வழியாகக் கோரிப்பாளையத்துக்கு வருகிறவன், தன் தெருவில் தண்ணீர் வராததை யாரிடம் போய்ச் சொல்வான்? கூவத்தூரில் அவன் ஆள் போனை எடுத்திருந்தால் பேச்சு இப்படித்தான் போயிருக்கும்:

“அண்ணே, நாலு நாளா நம்ம தெருவுக்குத் தண்ணி லாரி வரலண்ணே.”

“லாரி என்னப்பா லாரி, இங்கன சன்னலத் தொறந்தா கடலே நிக்கிது.”

“அது உப்பாச்சேண்ணே.”

“நீச்சல் குளம் நல்ல தண்ணிதாம்ப்பா. இரு, கூப்புடுறாக. ஜனநாயகத்தக் காப்பாத்திட்டு வந்துர்றேன்.”

அந்த வருடம் ஏப்ரல் 21-இல் அன்றைய அமைச்சர் செல்லூர் ராஜூ வைகை அணைக்குப் போய், தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார். காற்றடித்து அட்டைகள் கரை ஒதுங்கின. நாடே சிரித்தது, மதுரையும் சேர்ந்து சிரித்தது. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் அநியாயம் உண்டு என்பேன். தெர்மாகோலாவது பட்டப்பகலில், கேமராவுக்கு முன்னால், அணையின் மேல் நடந்தது. அதை நாம் பார்க்க முடிந்தது.

சரி, பில்லுக்கு வருவோம். தேர்தல் சமயத்தில் வேட்பாளர் குடிக்கிற டீக்குக் கணக்கு உண்டு. மாவட்டத் தேர்தல் அலுவலர் விலைப்பட்டியலே போடுகிறார்: டீ இவ்வளவு, பிரியாணி இவ்வளவு, நாற்காலி வாடகை இவ்வளவு, ஷாமியானா இவ்வளவு. 2016-இல் சட்டமன்ற வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 28 லட்சம். தொண்டனுக்கு வாங்கிக் கொடுத்த வடை பட்டியலைத் தாண்டினால் பார்வையாளர் கேட்பார். அதே மனிதர் ஜெயித்த பிறகு, கூட்டாளிகள் நூறு பேரோடு கடலோர ஏ.சி. அறையில் பத்து ராத்திரி படுத்து எழுந்தால், யார் காசு என்று கேட்பதற்குப் பட்டியலும் இல்லை, பார்வையாளரும் இல்லை. தோற்கும் வரைக்கும் அல்லது ஜெயிக்கும் வரைக்கும்தான் வடைக்குக் கணக்கு. ஜெயித்த பிறகு ஆளே கணக்கில் வருவதில்லை.

கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-லிருந்து இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 122-க்கு எதிராக ஓட்டுப் போட்ட 11 பேர் பதவியோடு இருந்தார்கள். அவர்களின் தலைவர் பன்னீர்செல்வம் தன் ‘தர்மயுத்தத்தை’ முடித்துக்கொண்டு ஆகஸ்ட் 21-இல் துணை முதல்வரானார். மறுநாள் ஆளுநரைப் பார்த்து முதல்வர் மேல் நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தது சசிகலா பக்கத்துத் தினகரன் கோஷ்டி. அவர்கள் பங்குக்குப் புதுச்சேரியிலும் குடகிலும் விடுதி போட்டார்கள். செப்டம்பர் 18-இல் அவர்களில் 18 பேர் தகுதியிழந்தார்கள். சபையில் ஓட்டுப் போட்டுக் கவிழ்க்கப் பார்த்தால் துணை முதல்வர், கடுதாசி எழுதினால் மாஜி. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது, நமக்குத்தான் புரியவில்லை. அந்தப் பதினெட்டுத் தொகுதிகளும் 2019 இடைத்தேர்தல் வரை ஆளில்லாமல் கிடந்தன. அந்த மக்களின் தகுதியை எந்தப் பிரிவின் கீழ் பறித்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

நடுவில் இன்னொன்றும் நடந்தது. ஜூலை 19-இல், தமிழக விவசாயிகள் இரண்டாவது முறையாக டெல்லி ஜந்தர் மந்தரில் போய் உட்கார்ந்திருந்த வாரத்தில், சட்டமன்ற உறுப்பினர்களின் மாதச் சம்பளம் 55,000-லிருந்து 1,05,000 ஆகும் என்று முதல்வர் அறிவித்தார். கூவத்தூரில் சாப்பாட்டோடு ஓசியில் இருந்தவர்களுக்கு வீட்டில் சொந்தச் செலவில் இருப்பது கட்டுப்படியாகவில்லை போலும்.

தங்குவது என்றால் எங்கள் பேட்டையிலும் தங்குகிறார்கள். பனகல் சாலையில் பெரியாஸ்பத்திரி வாசலைப் பாருங்கள். தேனி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரத்திலிருந்து நோயாளிக்குத் துணையாக வந்த பொம்பளைகள் தூக்குச்சட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருப்பார்கள். கொசுவர்த்தி அவர்கள் செலவு. அவர்களை யாரும் கடத்திவிடுவார்கள் என்று காவல் போட வேண்டியதில்லை. அவர்களை வைத்துக் கவிழ்க்க ஆட்சி எதுவும் இல்லை.

நாங்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்டால், அதற்கும் பதில் இருக்கிறது. 2009 ஜனவரியில் திருமங்கலம் இடைத்தேர்தல் நடந்தது. வீட்டுக்கு வீடு கவர் போகிற வித்தைக்கு ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. மல்லிகைக்கும் ஜிகர்தண்டாவுக்கும் அடுத்து மதுரை மண்ணின் பெயரை நாடெங்கும் கொண்டுபோனது அதுதான். கவரை வாங்கி ஓட்டைக் கொடுத்தவனுக்கு, ஓட்டை வாங்கியவன் அறைச் சாவியை வாங்கும்போது கத்த வாய் வருவதில்லை. சாவி கொடுக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆகவே தேர்தல் ஆணையத்துக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த விலைப்பட்டியலில் டீ, வடை, ஷாமியானாவுக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: கடல் பார்த்த அறை, ஏ.சி., ஒரு உறுப்பினருக்கு, ஒரு ராத்திரிக்கு, இவ்வளவு. பத்தால் பெருக்குகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எங்கள் வீட்டுக்கு வந்த கவரில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்றாவது தெரியட்டும்.