பின்பக்கம் இருப்பது யாது? போர்ஷே கார் குறித்து முத்துப்பேட்டையில் வழங்கும் மூவகைக் கொள்கைகள்

முத்துப்பேட்டையில் போர்ஷே கார் வைத்திருப்பவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. இதை ஆய்வின் குறையாகச் சிலர் எடுத்துச் சொன்னார்கள். கண்ணால் காணாத பொருளுக்குப் பக்கம் பக்கமாக உரை எழுதுவது நம் மரபுக்குப் புதிதல்ல என்பதால் மேலே செல்கிறேன்.

ஆய்வுக்களம் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து டீக்கடை ஒன்று. நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்த அன்று தொடங்கிய விவாதம் அங்கே இன்னும் முடியவில்லை. வீட்டுக்கொருவர் வளைகுடாவில் இருக்கும் ஊர் என்பதால் துபாயில் நடப்பது பக்கத்துத் தெருவில் நடப்பது மாதிரிதான். அணியின் வண்டி போர்ஷே 911, அதன் பந்தய எண் 901. இந்த எண் தற்செயலோ என்னவோ, 1963இல் பிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு வந்தபோது 911க்கு வைத்திருந்த பெயரே 901தான். நடுவில் சைபர் போட்ட மூன்றிலக்கப் பெயர் எங்கள் உரிமை என்று பிரான்சு நாட்டு பியூஜோ நிறுவனம் மறித்ததால், மறு ஆண்டு சைபர் ஒன்றாயிற்று. ஒரு சாண் வரப்புக்காகத் தலைமுறை தாண்டி வழக்காடுகிறவர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

டீக்கடையில் மூன்று கொள்கையினர் உளர். பெட்ரோல் இன்ஜினே கார் என்போர் பெட்ரோலியர். பேட்டரியும் மோட்டாரும் போதும் என்போர் கரண்டியர் (இவர்களைச் சமையற்கட்டோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது). இரண்டும் இருக்கட்டும் என்போர் இருபாலர். மூன்றாம் பிரிவினர் எந்த வழக்கிலும் இரு வீட்டுப் பந்தியிலும் உட்காரக் கூடியவர்கள். அவர்களை இத்தோடு விடுவோம்.

பொருளின் இலக்கணம் முதலில். 911க்கு இன்ஜின் பின்னால், பின் சக்கர அச்சுக்கும் அப்பால். சிலிண்டர் ஆறு, பக்கத்துக்கு மூன்றாகப் படுத்துக் கிடக்கும். பெட்ரோலியர் தலைவர் இதை விளக்கிய விதம் எந்தப் பொறியியல் நூலுக்கும் குறைந்ததல்ல: “டிவிஎஸ் 50ல பின்னாடி நெல்லு மூட்டைய ஏத்திக்கிட்டு வளைவுல திரும்பிப் பாரு மாப்ள. முன் வீல் லேசாயிடும். அந்த மூட்டைய இறக்காமலே அறுபது வருஷமா ஓட்டப் பழக்கியிருக்கான் பாரு, அதான் போர்ஷே.”

அடுத்தது ஓசை. விவாதம் வேகத்தைப் பற்றியதாகவோ விலையைப் பற்றியதாகவோ தோன்றினாலும், தோண்டிப் பார்த்தால் அடியில் கிடப்பது ஓசைதான். காவிரிக் கடைமடைக்காரனின் காது ஆயில் இன்ஜினில் பழகிய காது. நள்ளிரவில் வயலிலிருந்து வரும் டுக்டுக்கின் இடைவெளியை வைத்தே டீசல் தீர்கிறதா, தண்ணீர் குறைகிறதா என்று பாயில் படுத்தபடி சொல்லிவிடுவார்கள். கரண்ட் மோட்டார் வந்தபிறகு வயலுக்கு நடந்து போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கிறது என்று ஒரு பெரியவர் குறைப்பட்டார். போர்ஷேக்காரனின் துக்கமும் இந்த வகையைச் சேர்ந்ததே.

இந்தத் துக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1998 வரை 911இன் இன்ஜின் காற்றால் குளிர்ந்தது. தண்ணீரால் குளிரும் இன்ஜின் வந்தபோது, இனி இது போர்ஷேயே இல்லை என்று உலகெங்கும் அழுதார்கள். 2016இல் 718 என்ற சிறிய காருக்கு ஆறு சிலிண்டரைக் குறைத்து நான்காக்கினார்கள், மறுபடி அழுகை. 2019இல் நான்கு லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜினைத் திரும்பக் கொண்டுவந்து கண்ணீரைத் துடைத்தார்கள். அன்று தண்ணீர் இன்ஜினுக்கு அழுதவர்களின் பிள்ளைகள் இன்று அதே தண்ணீர் இன்ஜினைக் காக்கப் போராடுகிறார்கள்.

பெயரிடலில் உள்ள குழப்பம் தனி ஆய்வுக்கு உரியது. 2019இல் வந்த போர்ஷேயின் டைகன் முழுக்க மின்சாரக் கார். அதன் உயர் ரகத்துக்கு டர்போ என்று பெயர். டர்போ இருக்க இன்ஜின் வேண்டும், இன்ஜின் அதில் இல்லை. கரண்டியரை இதைச் சொல்லி மடக்கப் பார்த்தேன். “நம்ம மெட்ராஸ்ல செஞ்ச புல்லட்டுக்கு எலக்ட்ரான்னு பேரு வெச்சானே, அது என்ன கரண்ட்லயா ஓடுச்சு?” என்று ஒரு இளைஞர் கேட்க, நான் டீயைக் குடித்தேன்.

கரண்டியரின் தலையாய சான்று நிறுவனர் பற்றியது. ஃபெர்டினான்ட் போர்ஷே 1900 பாரிஸ் கண்காட்சிக்குக் கொண்டுபோன கார், சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்த மின்சாரக் கார். ஆதியில் இருந்தது கரண்டே. பெட்ரோல் இடைச்செருகல் என்பது இவர்கள் துணிபு. ஆனால் அவரே அடுத்த கட்டமாகப் பெட்ரோல் இன்ஜினால் மின்சாரம் உண்டாக்கி ஓடும் வண்டியையும் செய்துவிட்டதால், மூன்று கட்சியும் அவரைத் தம் குலமுதல்வர் என்கின்றன.

நிறுவனமோ இன்றும் தடுமாறுகிறது. 2030க்குள் விற்பனையில் 80 விழுக்காட்டுக்கு மேல் மின்சாரமே என்று ஒரு காலத்தில் சொன்னது. 2024இல் 911க்குள்ளேயே இரண்டும் கலந்த ஹைப்ரிட் நுழைந்தது. 2025 செப்டம்பரில், மின்சாரத்தில் மட்டும் வரவிருந்த பெரிய காரை முதலில் இன்ஜினோடும் ஹைப்ரிடாகவும் விடுவோம் என்று திருப்பிக்கொண்டது. டீக்கடையில் அன்று பெட்ரோலியர் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தனர்.

முத்துப்பேட்டை மரபு உலகுக்கு அளிக்கக் கூடிய தனி வாதம் ஒன்று உண்டு. அதைக் கஜா வாதம் என்று பெயரிடுகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்து, தென்னையும் மின்கம்பமும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் காசு கொடுத்துச் செல்போனுக்குச் சார்ஜ் போட வரிசையில் நின்றோம். “செல்லுக்கே அந்தப் பாடு. ரெண்டு கோடி ரூபா காருக்கு எந்த வரிசையில நிப்ப மச்சான்?” என்கிறார் பெட்ரோலியர். இதற்கு விடை ஐரோப்பியப் பத்திரிகைகளில் கிடைக்காது. கரண்டியர் தந்த மறுப்பு: அன்று சாலையில் மரம் கிடந்தது, பெட்ரோல் இருந்தும் ஒரு வண்டி போகவில்லை.

இன்னொரு முடிச்சும் உண்டு. ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு உயிரை விடும் இதே பெட்ரோலியர், ஹைட்ரோகார்பன் எதிர்ப்புக் கூட்டங்களில் முன்வரிசையில் நின்றவர். டெல்டாவை வேளாண் மண்டலமாகப் பாதுகாக்கும் 2020ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது இனிப்பு வழங்கியவர். வயலுக்கு அடியிலிருந்து எண்ணெய் எடுக்கக் கூடாது, ஆனால் எண்ணெயில்தான் கார் ஓட வேண்டும். கேட்டதற்கு, “அது நம்ம வயலு தம்பி. இது அவன் காரு” என்றார். உரையாசிரியர்கள் இப்படிப்பட்ட இடங்களைத் தொடாமல் போவார்கள். நானும் போகிறேன்.

களத்தில் போர்ஷேயைத் தொட்டவர் ஒரே ஒருவர், துபாயில் பதினோரு வருடம் கார் கழுவியவர். அவரே இறுதிச் சான்று என்று எல்லோரும் திரும்பினோம். “இன்ஜினை நான் பார்த்ததே இல்லண்ணே. முன்னாடி தொறந்தா பெட்டி வைக்கிற எடம். பின்னாடி மூடியத் தொறந்தா ரெண்டு ஃபேன் தெரியும். அவ்ளோதான்.” கடையில் சிறிது நேரம் பேச்சில்லை.

செய்முறைச் சோதனைக்காகப் பெட்ரோலியர் தலைவரை ஜாம்புவானோடையில் படகேற்றிக் கோரையாறு வழியாக அலையாத்திக் காட்டுக்கு அழைத்துப் போனேன். காயலுக்குள் நுழைந்ததும் படகோட்டி இன்ஜினை நிறுத்திவிட்டுக் கழியை ஊன்றினார்.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“பறவை கௌம்பிடும்ல.”

தூரத்தில் கூழைக்கடா ஒன்று தண்ணீரை வாயில் அள்ளி வடித்தது கேட்டது. தலைவர் பேசாமல் வந்தார். எனக்குத் தெரிந்து இது முதல் முறை. கரண்டியர் கட்சிக்கு ஓர் ஆள் சேர்ந்தது என்று என் குறிப்பேட்டில் எழுதினேன். திரும்பும்போது படகோட்டி கயிற்றைச் சுற்றி இழுத்தார். இரண்டு இழுப்புக்கு மசியவில்லை. மூன்றாவதற்கு இன்ஜின் புகை கக்கிப் பிடித்துக்கொண்டது. தலைவர் என் முழங்காலைத் தட்டினார்.

“கேட்டியா?”