அதிகாரமற்ற மேற்பார்வை: பொள்ளாச்சிச் சுற்றுவட்டார ஓய்வூதியரின் வாரம்

பொள்ளாச்சியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் குடியிருக்கும் ஓய்வூதியரின் இன்பங்கள் இருவகைப்படும்: தாமே செய்வதால் வருபவை, பிறர் செய்வதைப் பார்ப்பதால் வருபவை. முதல் வகை பெரும்பாலும் முழங்கால் வலியில் முடிவதால் இரண்டாம் வகையே இங்கு ஆராயப்படுகிறது. இதை அதிகாரமற்ற மேற்பார்வை எனலாம். பணிக்காலத்தில் மேற்பார்வையிட அதிகாரம் இருந்தது, நேரம் இல்லை. ஓய்வில் நேரம் உண்டு, அதிகாரம் இல்லை. தமிழக அரசு ஓய்வு வயதை 2020இல் 59 ஆகவும் அடுத்த ஆண்டு 60 ஆகவும் உயர்த்தியதில் சிலருக்கு இந்தப் பேறு சற்றுத் தள்ளிப்போனது.

வாரம் திங்கள் காலை எட்டு மணிக்குத் தொடங்குகிறது. கோவை செல்லும் பேருந்தில் படிக்கட்டுவரை கூட்டம். ஓய்வூதியர் பல் துலக்கியபடி வாசலில் நின்று அதைப் பார்க்கிறார். பேருந்து கண்ணுக்கு மறைந்த பிறகே வாய் கொப்பளிப்பது மரபு.

செவ்வாயும் வியாழனும் மாட்டுச்சந்தை. மாடு வாங்கும் எண்ணம் துளியும் இல்லாதவருக்கே சந்தை முழு இன்பம் தரும். அங்கே தரகரும் வியாபாரியும் துண்டுக்கு அடியில் கைகோத்து, விரலைப் பிடித்தே விலை பேசும் வழக்கம் உண்டு. எந்த விரல் எத்தனை முறை அழுத்தப்பட்டது என்பது துண்டுக்கு வெளியே நிற்பவருக்குத் தெரிய வழியில்லை. ஆயினும் திரும்பும் வழியில், டீக்கடை பெஞ்சில் அமர்ந்து, “அந்த வெலைக்கு அது பெறாதுங்க” என்று ஓய்வூதியர் தீர்ப்பு வழங்குவார். எந்த விலைக்கு என்று கேட்பது நாகரிகமல்ல.

புதன்கிழமைக்கெனத் தனி இன்பம் கிடையாது, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று வந்தாலொழிய. நாளிதழின் மின்தடைப் பட்டியலில் ஊர்ப்பெயரைக் கண்டவர் முந்தைய நாளே தெரு முழுக்கச் சொல்லிவிடுவார். சொன்ன நேரத்துக்கு மின்விசிறி நின்றால், தாமே நிறுத்தியது போன்ற நிறைவு.

தேங்காய் வெட்டு 45 முதல் 60 நாட்களுக்கு ஒருமுறைதான் வரும். வந்த நாளில் மற்ற இன்பங்கள் எல்லாம் ரத்து. நீண்ட மூங்கிலின் நுனியில் கட்டிய அரிவாள் குலைக்குக் குலை நகர, ஓய்வூதியர் காய் விழாத தூரமாகப் பார்த்து நின்று கைநீட்டுவார்.

“அந்த மட்டைக்குப் பின்னால ஒண்ணு விட்டுட்டீங்க.”

“அது இளசுங்கய்யா.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

பாளை வெடித்து ஏறத்தாழ 12 மாதத்தில் காய் முற்றும், இளங்காயை வெட்டினால் கொப்பரை சுருங்கும் என்பதெல்லாம் வெட்டுபவர் அறியாததல்ல. ஆயினும் ஒவ்வொரு வெட்டிலும் இது அவருக்கு விளக்கப்படுகிறது. கணக்கு முடிந்து கூலி கொடுத்த பிறகும் ஓய்வூதியர் குவியலைச் சுற்றிவந்து, சில காய்களைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். இந்த ஆட்டத்தால் எந்த முடிவும் மாறியதில்லை.

பிறர் துணை வேண்டாத இன்பம் ஒன்றே ஒன்று: மதியத் தூக்கம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றுக்கு முன்னால் எந்த வகைப்பாடும் நிற்காது. திண்ணையில் கயிற்றுக் கட்டில் போதும்.

வெள்ளி கோயிலுக்கும் சனி அரிசி மில்லுக்கும் போய்விடுகின்றன. ஞாயிறு ஆய்வில் சேராது. அன்று கோவையிலிருந்து மகன் வருகிறார், மேற்பார்வை திசை மாறுகிறது. மாத்திரை போட்டாயிற்றா, சர்க்கரை பார்த்தாயிற்றா, செல்போனில் யாருக்காவது ஓடிபி சொன்னீர்களா என விசாரணை நீள்கிறது. டிவி ரிமோட் பேரன் வசம் போய்விடும். மாலையில் கார் கிளம்பும்வரை ஓய்வூதியர் பணியில் இருப்பவராகவே கருதப்பட வேண்டும்.

இத்தனையையும் அனுபவிப்பவர் உயிரோடுதான் இருக்கிறார் என்பதற்கு ஆண்டுதோறும் வாழ்நாள் சான்றிதழ் தர வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியருக்கு அதற்கான மாதம் நவம்பர். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம்.